மூன்றாம் பெயருக்கு ஒரு வசைமாலை

ரோம் நகர், ஆர்கிலேத்தும் தெரு, சொர்னாத்தியா அம்மாள் ஏடெழுதும் கடையில் தலைமை வசைகவியாக வீற்றிருந்து இன்று விடைபெறும் காயுஸ் சொர்னாத்தியுஸ் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உவந்து வழங்கும் மடல்

நாவில் நஞ்சும் நெஞ்சில் நெய்யும் நிறைந்த நல்லவரே! பெயருக்குள் பிளவு தேடி, பிளவுக்குள் ஊசி நுழைத்து, ஊசியின் முனையில் ஊர்ச் சிரிப்பைத் தொங்கவிட்ட உத்தமரே! செருக்கர் செவிக்குச் சூடும் சிறியோர் செவிக்குச் சிரிப்பும் சேர்த்தளித்த செம்மலே! காயுஸ் சொர்னாத்தியுஸ் பெருமானே! உங்களோடு ஒரே கூரையின் கீழ் மைக்கறை படிந்த கைகளோடு உழைத்த நாங்கள் அனைவரும் எழுந்து நின்று உங்களை வணங்குகிறோம்!

மேற்கண்ட அடுக்குமொழி பக்கியுஸ் எழுதித் தந்தது. தொட்டால் சிணுங்குகிற ஆள் என்பதால் ஓர் எழுத்தும் விடாமல் படித்துவிட்டேன். இனி வருவதில் பாதிக்கு மேல் என்னுடையது. நான் குயேத்தா. உங்கள் வலப்பக்கத்து மணையில் உட்கார்ந்து படியெடுத்தவள். உங்கள் வசைகளுக்கு முதலில் சிரித்தவள், சில சமயம் நீங்கள் முடிப்பதற்கு முன்பே சிரித்துக் கெடுத்தவள். கடையின் சொந்தக்காரர் சொர்னாத்தியா அம்மாள் எனக்கு இட்ட கட்டளை இதுதான்: “நீயே எழுதி நீயே படிச்சிரு. உன்னை நிறுத்த இங்க யாராலயும் ஆகாது. அவிச்ச கொண்டக்கடலை ஆறிப்போறதுக்குள்ள முடிச்சாப் போதும்.” கடலை இப்போதே ஆறத் தொடங்கிவிட்டது. என்றாலும் இதில் அவசரப்பட முடியாது.

ஏன் முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல நாளில் ஒருவரை வெறுமே புகழ்ந்து அனுப்புவது நம் ஊர் வழக்கமில்லை. வெற்றித் தேரில் நிற்கும் தளபதியின் பெயரை இழுத்து அவருடைய படைவீரர்களே பாடுகிறார்கள். மணப்பெண்ணை ஊர்வலமாக அழைத்துப் போகும்போது மாப்பிள்ளையின் பெயரைத் தெருவே திட்டுகிறது. மகிழ்ச்சியின் உச்சியில் நிற்பவன் மேல்தான் பொல்லாத கண் விழும், பழித்துப் பாடினால் அந்தக் கண் திரும்பிப் போகும் என்பது நமக்குப் பால் குடிக்கும்போதே தெரியும். இன்று உங்களுக்குத் தலையில் மாலை, கையில் தேன்மது, மடியில் அம்மாள் கொடுத்த புது மேலங்கி. இத்தனையும் கொடுத்து, ஒரு வசைகூடப் பாடாமல் உங்களை மகள் இருக்கும் ஓஸ்தியாத் துறைமுகத்துக்கு அனுப்பினால் வழியிலேயே வண்டி அச்சு முறியும். ஊருக்கெல்லாம் வசை பாடிக் கண்ணேறு கழித்தவருக்குக் கழிப்பதற்கு ஆளில்லை என்றால் அதைவிடக் கேவலம் எங்களுக்கு வேண்டாம்.

வசை பாட ஒரு பெயர் வேண்டும். உங்களிடம் மூன்று இருக்கின்றன. காயுஸ், சொர்னாத்தியுஸ் என்ற முதல் இரண்டும் உங்களை விடுதலை செய்த எசமானுடையவை. அம்மாளின் தகப்பனார் பெயரைத் திட்டிவிட்டு இந்தக் கடையில் நாளைக்கு நான் உட்கார முடியாது. மிஞ்சியது மூன்றாவது. அடிமையாக இருந்தபோதும் உங்களோடு இருந்தது, விடுதலைக்குப் பிறகும் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பெயரை இந்தக் கடையில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. “ஐயா” என்போம், “பெரியவர்” என்போம், கோபம் வந்தால் “அவர்” என்போம். இன்று இந்த மடல் முடிவதற்குள் அதைச் சொல்லப் போகிறேன். சொல்லிப் பாடவும் போகிறேன். நீங்கள் எழுந்து போய்விடுவீர்களோ என்ற பயம் எனக்கு நிறையவே இருக்கிறது. வாசற்படிப் பக்கம் பக்கியுஸை உட்கார வைத்திருப்பது அதனால்தான்.

இனிப் புகழ்.

பெயரறுக்கும் பேராசானே! பெற்றோர் பேராசையோடு பிள்ளைக்கு வைத்த பெயரைப் பிள்ளையின் பிழைப்போடு பக்கத்தில் நிறுத்திப் பார்த்துப் பல்லிளிக்க வைத்தவரே! கடைக்குள் வருகிறவன் முகம் சிவந்து வருவான். வீட்டுக்காரன் வாடகை ஏற்றிவிட்டான் என்பான், மைத்துனன் பந்தியில் அவமானப்படுத்திவிட்டான் என்பான். எல்லாக் கதையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு நீங்கள் கேட்பது ஒன்றே ஒன்று: “அவன் பேரு என்ன?” பெயரைச் சொன்னதும் கண்ணை மூடிக்கொள்வீர்கள். நாங்கள் எழுதுகோலைக் கீழே வைத்துவிடுவோம். கண் திறக்கும்போது பாட்டு தயாராக இருக்கும். மறுநாள் அது கடைவாசல் தூணில் தொங்கும், அதற்கு மறுநாள் குளியல் கூடங்களில் ஈரத்தலையோடு பாடுவார்கள்.

வெரெகுந்துஸ் என்ற வீட்டுக்காரரை நகரம் மறக்காது. கூச்சமுள்ளவர் என்று பொருள்படும் பெயர். ஐந்து மாடி கட்டி, ஆறாவதையும் கட்டி, சுவர் பிளந்தபோது விரிசல் மேல் சுண்ணாம்பு பூசி அதற்கும் சேர்த்து வாடகை கேட்டவர். நீங்கள் எழுதியது இரண்டே வரி:

‘கூச்சம் என்றே பெயர் வைத்தார் பிறந்த அன்று,
அன்றே செலவழித்து முடித்துவிட்டார் அத்தனையும்!’

இரண்டு தடியர்களோடு அவர் கடைக்குள் நுழைந்தபோது நான் மேசைக்கடியில் உட்கார இடம் பார்த்தேன். நீங்கள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

“யோவ் கிழவா, என்னப் பத்தி எழுதித் தூண்ல தொங்க விட்டிருக்கியாமே?”

“ஐயாவப் பத்தியா? சேச்சே. அது கூச்சமுள்ள யாரோ ஒருத்தரப் பத்தி எழுதினது. உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது, அது நீங்கதான்னு சொன்னாங்களா?”

“ஊரே சொல்லுதுய்யா!”

“அப்ப ஊருக்கு உங்களத் தெரியலன்னு அர்த்தம். நீங்க வேணா தூணுக்குப் பக்கத்துல நின்னு, அது நான் இல்லன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லுங்களேன். ஒரு பிரதி தரச் சொல்லவா, கையில வச்சுக்கிட?”

அந்த மனிதர் தடியர்களை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வெளியே போனார். இதுதான் உங்கள் துணிவு. அதன் பிறகு அந்தச் சுவர்களுக்கு உண்மையாகவே கல்லும் சாந்தும் வைத்துக் கட்டினார்கள் என்று குடியிருப்பவர்கள் வந்து சொன்னார்கள். நீங்கள் அதைக் கேட்டு மூக்கைச் சொறிந்தீர்கள். பெருமிதம் வந்தால் நீங்கள் செய்வது அதுதான்.

அளவறிந்த அறிஞரே! பெரிய இடத்துப் பெயரை அப்படியே எழுதினால் நீதிமன்றத்துக்கு இழுப்பார்கள் என்பதால், அதே அளவும் அதே நடையும் கொண்ட வேறொரு பெயரை அந்த இடத்தில் வைப்பீர்கள். படிக்கிறவன் நாக்கு தானாகவே உரிய பெயரைப் போட்டுக்கொள்ளும். சட்டத்தின் கண்ணுக்கு முகமூடி, சனங்களின் காதுக்கு முகம். இந்தத் தையல் வேலையை உங்களைப்போல் செய்தவர் எவருமில்லை. ஒருமுறை நீங்கள் போட்ட முகமூடிப் பெயர் தன்னைத்தான் குறிக்கிறது என்று சண்டைக்கு வந்தவர்கள் வாசலில் வரிசையில் நின்றார்கள். உண்மையில் யாரைக் குறித்ததோ அந்த மனிதர் மட்டும் வரவில்லை. அவர் அதைப் பாடிக்கொண்டு திரிந்தார்.

நடையழகரே! வசைக்கென்றே நீங்கள் எடுத்த யாப்பு நொண்டிச் சிந்து. அடி முழுவதும் மிடுக்காக நடந்து வந்து, கடைசிச் சீரில் திடீரென்று கால் இழுக்கும் நடை. கேட்பவன் நிமிர்ந்து உட்காரும் நேரத்தில் படியில் தடுக்கியதுபோல் ஆகிவிடும், அங்கேதான் சிரிப்பு. “வசை நேரா நடந்தா சட்டமாயிரும், பொறுக்க முடியாது. கொஞ்சம் இழுத்து நடக்கணும்” என்று நீங்களே சொல்வீர்கள். சொல்லிவிட்டு எழுந்து, இடது காலை இழுத்துக்கொண்டு தண்ணீர்ப் பானைப் பக்கம் போவீர்கள்.  நாங்கள் தலைகுனிந்து ஏடுகளைப் பார்த்தபடி இருப்போம்.

அப்படித் தலைகுனிந்து இருக்கக் கற்றுக்கொடுத்தவர் பக்கியுஸ்தான். அப்போது அவர் புதிதாகச் சேர்ந்திருந்தார். எல்லோருடைய பெயரையும் திருகிப் பழகிய கை, சும்மா இருக்கவில்லை. பசை காய்ச்சும் அறைச் சுவரில் உங்கள் மூன்றாம் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு நொண்டிக் காலைக் கரியால் வரைந்துவிட்டார். கெட்ட எண்ணம் இல்லை. நீங்கள் பார்த்தீர்கள். கத்தவில்லை. எழுதுகோலைத் துடைத்து வைத்தீர்கள், மேலங்கியை எடுத்தீர்கள், உங்கள் நடையில் வெளியே போனீர்கள். சில நாள் கடைப் பக்கம் வரவேயில்லை. அம்மாளே சுபுராப் பேட்டையில் உங்கள் அறைக்கு மாடியேறிப் போய்த்தான் அழைத்து வந்தார். வந்ததும் எங்கள் எல்லோர் முன்னாலும் ஒன்று சொன்னீர்கள்.

“சுதந்திரமாப் பொறந்தவன் பேரு அவன் அப்பன் ஆசைப்பட்டு வச்சது. அதுல பெருமை இருக்கு, பெருமையில ஊசி குத்தலாம். நம்ம பேரு சந்தையில வியாபாரி சிரிச்சுக்கிட்டே வச்சது. அவன் சிரிச்சு முடிச்ச சிரிப்ப நான் மறுபடி சிரிக்க மாட்டேன். இந்தக் கடையிலிருந்து அடிமைப் பேரு மேல ஒரு வசை போகக் கூடாது.”

அது இந்தக் கடையின் சட்டமாயிற்று. பெரிய இடத்திலிருந்து வந்தவர்கள்கூடத் தம் அடிமையின் பெயரைக் கிண்டல் செய்து பாட்டுக் கேட்டால் திருப்பி அனுப்பினீர்கள். நல்ல சட்டம். அதற்காக நாங்கள் உங்களை நேசித்தோம், இன்றும் நேசிக்கிறோம்.

ஆனால் அந்தச் சட்டம் என் கல்யாணத்தன்று என் காலை வாரிவிட்டது. அதையும் கடைச் சுவரில் மாட்டப்போகும் இந்த மடல் பலகையில் எழுதித்தான் ஆக வேண்டும்.

என்னை அம்மாள் விடுவித்து, தித்துஸ் அசெல்லியுஸுக்குக் கட்டிக்கொடுத்தார். அவர்களுடையது மூன்று தலைமுறையாக ரொட்டி சுடும் வீடு. அசெல்லியுஸ் என்றால் கழுதைக்காரர்கள். அந்தப் பெயரில் அவர்களுக்கு இருந்த செருக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், பார்த்தீர்கள்தானே. மாமியார் பெயர் பலும்பா, அதாவது மாடப்புறா. என்னைப் பெண் பார்க்க வந்தபோது அவர் என் பல்லைப் பார்த்தார், கையைப் பார்த்தார், “பொண்ணு நல்லாத்தான் இருக்கா. ஆனா வீட்டுக்குன்னு ஒரு பேரு இல்லாதவ” என்றார். என் முன்னாலேயே சொன்னார்.

மாலை நேரத்தில் நம் கடையிலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. தீவட்டிகள், குழல், வழியில் பிள்ளைகளுக்கு இறைத்த வாதுமைக் கொட்டைகள், நடுவில் என் செந்நிற முக்காடு. நீங்கள்தான் முன்னால் நடந்து பாடினீர்கள். ரொட்டிக் கடை வாசலை அடைந்தபோது மாப்பிள்ளை வீட்டார் அனைவரும் வாசலில் வரிசையாக நின்றார்கள், தங்களைத் திட்டுவதைக் கேட்கக் காதைத் தீட்டிக்கொண்டு. நீங்கள் மாப்பிள்ளையில் தொடங்கினீர்கள்:

‘மாவரைக்கும் வீட்டில் கழுதைகள் இருவகை,
கல்லைச் சுற்றுவன சில, கல்யாண மாலை சூடியது ஒன்று!’

தெரு அதிர்ந்தது. தித்துஸ் சிரித்த சிரிப்பில் மாலை நழுவியது. அடுத்தது மாமியார்:

‘புறா என்று பெயர், பூப்போல முகம்,
பருந்துகள் இவரைக் கேட்டுத்தான் கூரையில் இறங்கும்!’

மாமியார் முகத்தில் அன்று வந்த மகிழ்ச்சியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் அதிகம் பார்த்ததில்லை. அடுத்து மாமனார், சித்தப்பா, அத்தை. ஒவ்வொருவரும் தம் முறை வந்ததும் நெஞ்சை நிமிர்த்தி நின்று வாங்கிக்கொண்டார்கள். பிறகு என் முறை வந்தது.

நீங்கள் பாடவில்லை. குழல்காரர் இரண்டு முறை எடுத்துக் கொடுத்தார். நீங்கள் கீழே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். கொட்டை இறைத்தவர்கள் கையை நிறுத்தினார்கள். அந்த அமைதி எனக்கு எப்படி இருந்தது என்று எழுத முடியாது. எல்லோரும் விருந்துக்கு உட்கார்ந்தபின் என்னை மட்டும் பரிமாறச் சொன்னதுபோல் இருந்தது. மாப்பிள்ளையின் அத்தை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“பொண்ணுக்குப் பாட்டு கிடையாதா? ஆமா, பாடுறதுக்கு ஒரு பேரு வேணும்ல.”

மணப்பெண் உள்ளே நுழையுமுன் வாசல் நிலைக்காலில் சுற்ற வேண்டிய கம்பளி நூல் என் கையில் இருந்தது. நான் அதைச் சுற்றவில்லை. படியேறவும் இல்லை. முக்காட்டைத் தூக்கிக்கொண்டு உங்களைப் பார்த்துத் திரும்பினேன்.

“ஐயா, என் பாட்டு எங்க?”

“உள்ள போம்மா. நல்ல நேரம் போகுது.”

“இத்தன பேரையும் திட்டினீங்க. என்ன ஏன் திட்டல?”

“உனக்கே தெரியும். அந்தப் பேரு உனக்கு யாரு வச்சதுன்னு தெரியும். அவன் சிரிப்புக்கு நான் தாளம் போட மாட்டேன், தாயி.”

“வச்சது அவன்தான். வச்சிட்டுப் போய்ட்டான். அன்னையிலருந்து தூக்கிச் சுமக்குறது நான். அடி வாங்கும்போது அந்தப் பேரச் சொல்லித்தான் அடிச்சாங்க. அம்மா விடுதலை குடுத்தப்பவும் அந்தப் பேரச் சொல்லித்தான் குடுத்தாங்க. இவரு என்னக் கேட்டு வந்தப்பவும் அந்தப் பேரத்தான் சொல்லிக் கேட்டாரு. இப்ப அது அவன் பேரு இல்லய்யா, என் பேரு. எல்லாரையும் திட்டிட்டு என்ன மட்டும் பாவம்னு விட்டீங்கன்னா, நான் இந்த வீட்டுக்கு மருமகளாப் போகல, வேலைக்காரியாத்தான் போறேன். திட்டுங்க. நல்லாத் திட்டுங்க!”

மாமியார் வாயைப் பிளந்தார். தித்துஸ் படியிலிருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார். “பாடுங்க ஐயா, நானும் கேக்கணும்” என்றார். அவரை நான் மணந்துகொண்டதற்கு அந்த ஒரு வாக்கியம் போதும்.

நீங்கள் கண்ணை மூடினீர்கள். கடையில் மூடுவதுபோல்தான். ஆனால் அன்று திறக்க நேரமாயிற்று. திறந்தபோது கண்ணில் ஈரம் இருந்தது, தீவட்டிப் புகை என்று நீங்கள் பிறகு சொன்னதை நான் நம்பவில்லை. குயேத்தா என்றால் அமைதியானவள். நீங்கள் பாடினீர்கள்:

‘அமைதி என்று பெயர் வைத்து இவளை விற்றான் சந்தையிலே,
விற்றவன் செவிடன் என்பதை வாங்கியவர் விசாரிக்கவில்லை!
கழுதை வீட்டுக் கழுதைகளே, இன்றோடு கனைத்தது போதும்,
அமைதி வருகிறாள், காதைப் பொத்திக்கொள்ளுங்கள்!’

 தெருவே வெடித்துச் சிரித்தது. மாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவில் சாய்ந்தார். “ஐயோ, இவ வாய நான் பொண்ணு பாக்க வந்தன்னிக்கே பாத்திருக்கணுமே, பல்லத்தான பாத்தேன்!” என்று கத்தினார். அந்த அத்தை இறங்கி வந்து என் முக்காட்டைச் சரி செய்தார். நான் நிலைக்காலில் நூலைச் சுற்றினேன், வீட்டுக்குள் போனேன், மருமகளாகப் போனேன். இன்றைக்கும் அந்தத் தெருவில் நான் வாயைத் திறந்தால் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சாண் உயர்ந்ததுபோல் இருக்கும்.

ஐயா, அந்தப் பாட்டில் நீங்கள் என்னைத் திட்டவில்லை. பெயர் வைத்தவனை முட்டாளாக்கினீர்கள். அவன் வைத்த பெயரை அவன் கையிலிருந்து பிடுங்கி என்னிடம் கொடுத்தீர்கள். அன்றே உங்கள் சட்டம் உங்களாலேயே உடைந்தது. அதன் பிறகு விடுதலை பெற்றவர் வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் நீங்கள் போனீர்கள். செருப்புத் தைப்பவர், மீன்சாறு விற்பவர், துணி வெளுப்பவர், எல்லோருடைய சந்தைப் பெயரும் உங்கள் வாயால் ஒருமுறை பாடப்பட்டு அவரவருடையதாயிற்று. பாட்டு வாங்காவிட்டால் கல்யாணமே இல்லை என்கிற அளவுக்கு வந்தது. ஒரே ஒரு பெயர் மட்டும் பாடப்படாமல் நின்றது. அதை நீங்களும் தொடவில்லை, நாங்களும் தொடவில்லை. உங்களுக்குப் பெண் பிறந்தபோது, எந்தப் பக்கம் திருப்பினாலும் சிரிப்பு வராத ஒரு பெயரைத் தேடித் தேடி அவளுக்கு வைத்தீர்களே, அன்றே எனக்குப் புரிந்தது. உங்கள் பெயர் இன்னும் உங்களுக்கு வலிக்கிறது. (அந்த மகளின் பெயரை இங்கே எழுத மாட்டேன். பக்கியுஸ் அதையும் திருகப் பார்ப்பார்.)

நாளைக் காலை அந்த மகள் வீட்டுக்கு ஓஸ்தியாவுக்குப் போகிறீர்கள். கடல் காற்று, பேரப்பிள்ளைகள், மீன். எல்லாம் நன்றாக இருக்கட்டும். ஆனால் எங்கள் கண் முன்னால், எங்கள் கடையில், நீங்கள் என்னை விட்டதுபோல் உங்களை நாங்கள் பாவம் பார்த்து விட்டுவிட்டோம் என்று எழுதி மாட்ட என்னால் முடியாது. இத்தனை ஆண்டு எங்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்தவர் நீங்கள். கடைசிப் பந்தியில் உங்களைத் தனியாக உட்கார வைக்க மாட்டோம்.

எனவே, எல்லோரும் கேளுங்கள். ஐயா, நீங்களும் கேளுங்கள். பக்கியுஸ், கதவை விட்டு விலகி நில்லுங்கள். போக வேண்டும் என்றால் அவர் போகட்டும். போகிறவரைப் பிடித்து வைத்துப் பாடுவது வசையும் ஆகாது, வாழ்த்தும் ஆகாது.

இவர் பெயர் வெலோக்ஸ்.

விரைவோன் என்று பொருள். கால் வளைந்த ஒரு பிள்ளையைச் சந்தையில் மேடையேற்றிய வியாபாரி, கூட்டத்தைச் சிரிக்க வைக்க அந்தப் பெயரைக் கூவினான். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பிலேதான் விலை படிந்தது. அந்தப் பிள்ளை அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு வளர்ந்து, இந்த நகரத்தில் யார் எதற்குச் சிரிக்க வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்பவன் ஆனான். வெலோக்ஸ்! வசைக்கு வேந்தே! விரல் நுனியில் வீட்டுக்காரர்களை நடுங்க வைத்தவரே! வெலோக்ஸ்! வாழ்க என்று வாய் நிறையச் சொல்ல எங்களுக்கு இருக்கும் பெயர் இதுதான். இதை இனி நாங்கள் முணுமுணுக்க மாட்டோம்.

உங்களுக்காக எங்கள் எல்லோர் சார்பிலும் நான் கட்டிய வசை இது. நொண்டிச் சிந்துதான். வேறு நடையில் உங்களைப் பாட எனக்குத் தெரியாது.

‘விரைவோன் என்று கூவினான் ஒருவன், வளைந்த காலைக் காட்டி,
விற்றவன் காசோடு ஓடிப் போனான், ஓடாதவர் எம்மோடு இருந்தார்!
தண்ணீர்ப் பானைக்குப் போய்த் திரும்பத் தவணை கேட்ட வெலோக்ஸ்,
விடை கேட்க மட்டும் விரைகிறீரே, வெட்கமாய் இல்லையா உமக்கு?
கீழுலகுக்குப் போகும் வழியிலாவது பெயரை மறந்துவிடும்,
காலை மட்டும் நம்பும், கண்ட கடையில் எல்லாம் நில்லும்!
ஓடக்காரன் மறுகரையில் உம் பெயரைக் கூவிக் கூவிக் களைக்கட்டும்,
நீர் மட்டும் நொண்டி, நின்று, நொண்டி, இன்னும் நின்று, நின்று...’

எங்கள் வாழ்த்து இவ்வளவுதான். உங்கள் பல் கடைசிவரை ரொட்டியைக் கடிக்கட்டும், நாக்கு கடைசிவரை மனிதரைக் கடிக்கட்டும். ஓஸ்தியாவில் செருக்குள்ள கப்பல்காரர்கள் நிறைய இருக்கிறார்கள் என்று கேள்வி. அவர்கள் பெயர்களை எங்களுக்கு அனுப்பி வையுங்கள்.

இங்ஙனம்,
சொர்னாத்தியா அம்மாள் கடை ஊழியர் அனைவரும்:
படியெடுப்போர் சார்பில் குயேத்தா, பக்கியுஸ்
பசை காய்ச்சுவோர், சுருள் ஒட்டுவோர்
கடை உடைமையாளர் சொர்னாத்தியா

இந்தப் பலகையைச் சுவரில் மாட்டுவதற்கு முன் சேர்த்தது:

படித்து முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அவரையே பார்த்தோம். அவர் எழுந்தார். கதவுப் பக்கம் திரும்பினார் என்றுதான் நினைத்தேன். அவர் கதவுக்குப் போகவில்லை. தம் நடையில், மெதுவாக, பந்தியைச் சுற்றிக்கொண்டு இந்தப் பலகைக்கு வந்தார். வசையின் எட்டு வரியையும் உரக்கப் படித்தார். தம் பெயர் வரும் இடத்தில் நிறுத்தி, மறுபடியும் அதை மட்டும் சொன்னார்.

“குயேத்தா, கடைசி அடியில இழுவை பத்தாதும்மா” என்றார்.

“எவ்வளவு இழுக்கணும் ஐயா?”

“நல்லா இழு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

அப்போதுதான் சிரித்தோம். அம்மாள் சிரித்ததில் தேன்மது மூக்கில் ஏறிக்கொண்டது. பக்கியுஸ் அழுதார். பெரியவர் என் கையிலிருந்து தூரிகையை வாங்கி, எங்கள் கையொப்பங்களுக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் குனிந்து எழுதினார். இத்தனை ஆண்டுகளில் எழுதிய எந்த ஏட்டின் அடியிலும் அவர் அந்தப் பெயரை இட்டதில்லை. கீழே இருப்பது அவர் கையெழுத்து, துடைக்காதீர்கள்.

பெற்றுக்கொண்டேன்.
வெலோக்ஸ்